கைப்பிடி அரிசிப் பானை

மனுஷங்களோட சண்டை போட்டுட்டுப் பேசாம இருக்கிறது எல்லாரும் செய்யுற காரியம்தான். நான் ஆண்டவரோடயே பேசாம இருந்தவ. ஒரு மழைக்காலம் பூரா ஒரு வார்த்தை பேசல. எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது, பிறந்ததுல இருந்தே அப்படித்தான். அந்தக் கோவம் தப்புன்னு இன்னைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கோவத்துக்கு எனக்குக் கிடைச்ச பதில் இருக்கே, அதை நெனைச்சா இத்தனை வருஷம் கழிச்சும் உடம்பு சிலிர்த்துப் போகுது.

எழுபதுகள்ல நடந்தது. வண்டிப்பெரியாருக்கு மேல ஒரு தேயிலை எஸ்டேட்டு. நான் கொழுந்து எடுக்கிறவ, எங்க வீட்டுக்காரரு தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுற ஆளு. எங்க ரெண்டு பேரு தாத்தாமாரும் திருநெல்வேலிச் சீமையில பஞ்சம் தாங்காம மலை ஏறினவங்க. வரும்போது கையில ஒரு வேதப் புத்தகம், வாயில நாலு பாட்டு, அவ்வளவுதான் சொத்து. மேட்டுல தகரக் கூரை போட்ட கோயில் ஒண்ணு இருந்துச்சு. நாங்க சர்ச்சுன்னு சொல்ல மாட்டோம், கோயில்னுதான் சொல்லுவோம். ஞாயித்துக்கிழமை மழை அடிச்சா உபதேசியார் பிரசங்கம் தகரச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. அவரு வாயசைக்கிறதைப் பார்த்துக்கிட்டே எல்லாரும் ஆமென் சொல்லுவோம்.

லயம்னா எஸ்டேட்டு ஆளுகளுக்குக் கட்டின வரிசை வீடுக, அதுல எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு. அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கத்துல ஒரு அக்கா. கூடப் பிறந்தவ இல்ல, கம்பம் பக்கத்து ஆளு, மாரியம்மனைக் கும்பிடுற குடும்பம். அவ தும்முனா நான் இந்தப் பக்கத்துல இருந்து "நூறு"ம்பேன். எங்க வீட்டுல குழம்பு கொதிச்சா "ஏ புள்ள, புளி கூடிப்போச்சு"ன்னு அவ அந்தப் பக்கத்துல இருந்து சொல்லுவா, வாசனையிலேயே. அவளுக்குப் பிள்ளை இல்ல. எஸ்டேட்டுல சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கிற கொட்டகையில ஆயா வேலை. என் மூணு வயசு மக அவகிட்டதான் பகல் பூரா கிடப்பா. அவளைப் பெரியம்மான்னு கூப்பிடுவா, என்னை விட அங்கதான் ஒட்டுதல். அக்கா வீட்டுக்காரரை நான் அண்ணன்னு கூப்பிடுவேன். அவரும் எங்க வீட்டுக்காரரும் ஒரே செட்டுல கவாத்துக்குப் போறவங்க, ஒரே பீடியை ரெண்டாக்கிக் குடிக்கிறவங்க.

கைப்பிடி அரிசியைப் பத்தி இங்க சொல்லிடணும். எங்க சபையில இது பெரிய வழக்கம். சோத்துக்கு அரிசி அளந்ததும், களையுறதுக்கு முன்னால, அதுல இருந்து ஒரு கை அள்ளித் தனிப் பானையில போட்டுரணும். அது ஆண்டவருக்கு. மாசம் ஒரு தடவை கோயிலுக்குக் கொண்டுபோனா, சபை அதை இல்லாதவங்களுக்குக் கொடுக்கும். முக்கால்வாசி விதவைகளுக்குப் போகும். வீட்டுல அன்னைக்கு அரிசி கொஞ்சமா இருந்தாலும் அந்தக் கை நிக்கக் கூடாது. அந்தப் பானையில வேற எதையும் வைக்க மாட்டோம். கல்யாணம் ஆகி வந்தப்போ எங்க அம்மா எனக்குக் கொடுத்த முதல் சாமானே அந்தப் பானைதான். அடுப்புக்கு மேல இருக்கிற பரண்ல, புகை படுற மாதிரி வச்சிருந்தேன். புகை பட்டா வண்டு வராது.

அவுகளுக்கு, எங்க வீட்டுக்காரருக்கு, இதுல எப்பவும் கேலி. நான் அள்ளுறதைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டு, "ஏட்டி, உன் கை சின்னக் கை, கர்த்தரு ஏமாந்து போயிருவாரு, என் கையால போடுறேன் தள்ளு"ம்பாக. அவுக கை முறம் மாதிரி. கவாத்துக் கத்தி பிடிச்சுக் காய்ச்சுப்போன கை. அவுக அள்ளுனா எங்களுக்குச் சோறு குறையும். நான் கத்துவேன், அவுக சிரிப்பாக.

அந்த வருஷம் வைகாசி பிற்பாதியில இறங்குற இடவப்பாதி மழை பிடிச்ச வேகத்துலேயே தெரிஞ்சு போச்சு, இது சும்மா போற மழை இல்லைன்னு. மலைச் சரிவுல ஒரு ஓடை அடைச்சுக்கிட்டு ரோட்டுல தண்ணி பாய, ஆம்பளைக கொஞ்சப் பேரு மண்வெட்டியோட போனாங்க. எங்க வீட்டுக்காரரும் அக்கா வீட்டுக்காரரும் அதுல இருந்தாங்க. மத்தியானம் நாங்க மேல்காட்டுல கொழுந்து எடுத்துக்கிட்டிருக்கோம், காலுக்கடியில தரை ஒரு மாதிரி அதிர்ந்துச்சு. இடி இல்ல. இடின்னா மேல இருந்து வரும். இது கீழ இருந்து வந்துச்சு. உருள் பொட்டிருச்சுன்னு யாரோ கத்துனாங்க. மலை உடைஞ்சு மண்ணும் பாறையும் மரமுமா இறங்குறதுக்கு இங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

நாங்க ஓடிப்போய்ப் பார்த்தா ஓடை இருந்த இடமே இல்ல. சிவப்பா, பச்சைக் காயம் மாதிரி, மலை பிளந்து கிடக்கு. மத்த ஆளுக தப்பிச்சுட்டாங்க. இவங்க ரெண்டு பேரும்தான் உள்ள இருந்தாங்க. எஸ்டேட் ஆம்பளைக எல்லாம் தோண்ட ஆரம்பிச்சாங்க. நானும் அக்காவும் கம்பளியைத் தலையில போட்டுக்கிட்டு ஓரத்துல நிக்கிறோம். காலெல்லாம் அட்டை ஏறுது, எடுத்துப்போடக்கூடத் தோணல. நான் ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தேன். வாய்விட்டுத்தான். அப்போ அக்கா என் கையைப் பிடிச்சா.

"ஏ புள்ள, உங்க சாமிகிட்ட நானும் கேக்கலாமா? என்னைத் தெரியாதே அவருக்கு."

"கேளுக்கா, அவருக்கு எல்லாரையும் தெரியும்"னேன்.

"எப்படிக் கேக்கணும்?"

"சும்மா கேளு. நம்ம வீட்டுல கேக்குற மாதிரி."

அவ கண்ணை மூடிக்கிட்டா. மழையில அவ உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. என்ன கேட்டான்னு எனக்குக் கேக்கல. நான் எனக்குள்ள கேட்டுக்கிட்டது எனக்குத் தெரியும். அவுகளைக் கொடுத்துரும் ஆண்டவரே, வேற எதுவும் இந்த ஜென்மத்துல கேக்க மாட்டேன்னு கேட்டேன்.

பொழுது சாயுற நேரத்துல அண்ணனை எடுத்தாங்க. சாய்ஞ்ச நிழல் மரம் ஒண்ணு அவருக்கு மேல பந்தல் மாதிரி விழுந்து, மண்ணை முழுசா விழவிடாம பிடிச்சிருந்துச்சு. ஒரு காலு நொறுங்கிப் போச்சு, ஆனா மூச்சு இருந்துச்சு. அக்கா ஓன்னு கத்திக்கிட்டு ஓடினா. நான் அங்கேயே நின்னேன். அடுத்தது எங்க வீட்டுக்காரருதான், இந்தா வந்துருவாகன்னு நின்னேன். அவுகளை மறுநாள் காலையிலதான் எடுத்தாங்க. முகத்துல மண்ணைத் துடைச்சு விட்டது நான்தான். கை ரெண்டும் மண்வெட்டியைப் பிடிச்சபடியே இருந்துச்சு.

அடக்கம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். உபதேசியாரும் சபையில ரெண்டு பெரியவங்களும் ஒரு சின்ன மூட்டையோட வந்தாங்க. என்னன்னு கேட்டேன். தயங்கித் தயங்கி, "கைப்பிடி அரிசிம்மா, சபை உனக்குக் கொடுக்குது"ன்னாரு உபதேசியார்.

எனக்கு எங்க இருந்து அவ்வளவு ஆத்திரம் வந்துச்சுன்னு தெரியல. அந்த அரிசி விதவைகளுக்குப் போற அரிசி. அதுல நான் எத்தனை கை போட்டிருக்கேன். அவுக முறம் மாதிரிக் கையால எத்தனை கை போட்டிருக்காக. அது சுத்திச் சுத்தி என் வாசலுக்கே வந்து நிக்குது, நீயும் விதவைதான்னு சொல்லிக்கிட்டு. "எடுத்துட்டுப் போங்க"ன்னு கத்தினேன். "ஆளை எடுத்துக்கிட்டு அரிசியைக் கொடுக்கிறாரா உங்க ஆண்டவரு? எனக்கு வேண்டாம். நான் கையில பலம் இருக்கிறவ, கொழுந்து எடுத்துப் பிள்ளையை வளர்த்துக்குவேன். இனிமே இந்த வீட்டுல இருந்து ஒரு மணி அரிசி அவருக்குப் போகாது, அவருகிட்ட இருந்து ஒரு மணி அரிசி இங்க வரவும் வேண்டாம்." உபதேசியாரு பாவம், குடையை விரிக்காமலேயே மழையில இறங்கிப் போனாரு.

அன்னைக்கே பானையில இருந்த பழைய அரிசியைக் கோழிக்குக் கொட்டிட்டு, பானையைத் துடைச்சு, தட்டைப் போட்டு மூடி, பரண்ல உள்ளுக்குத் தள்ளி வச்சேன். உடைச்சிருப்பேன். அம்மா கொடுத்ததுன்னு விட்டேன். அன்னையில இருந்து ஜெபமும் கிடையாது, கோயிலும் கிடையாது. சின்னப் பிள்ளைக டூ விட்ட மாதிரி விட்டுட்டேன். சோத்துக்கு அளக்கும்போது கை பழக்கத்துல அரிசிக்குள்ள போகும். இழுத்துக்குவேன். அந்த இழுத்துக்கிற நேரம் ஒவ்வொரு நாளும் நெஞ்சுல சுருக்குன்னும். அதுக்கும் சேர்த்து அவருமேலதான் கோவம்.

அக்காவுக்கும் எனக்கும் பேச்சு குறைஞ்சு போச்சு. சண்டை ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கத்துல அண்ணன் இருமுற சத்தம் கேட்டா சுவருக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்குவேன். இருமக்கூட எனக்கு ஆளில்லையேன்னு. அவளுக்கும் அது தெரியும் போல, அவரை மெதுவாப் பேசச் சொல்லுவா. ஆனா பிள்ளையை மட்டும் ஒரு குறை வைக்காமப் பார்த்துக்கிட்டா. மத்தியானம் என் வீட்டுக்குள்ள வந்து பிள்ளையோட கிண்ணத்தையும் துணியையும் எடுத்துக்கிட்டுப் போவா. லயத்துல எவ கதவைப் பூட்டுறா, கொண்டி போட்டாப் போதும். சாயங்காலம் நான் வந்தா, நான் உக்காருற மரக்கட்டை அடிக்கடி அடுப்புக்குப் பக்கத்துல தள்ளிக் கிடக்கும். மகளைத்தான் ஏசுவேன். "கட்டையை எதுக்குட்டி இங்க இழுத்துப் போடுறே, அடுப்புல விழவா?" அவ முழிப்பா.

ஆடி மாசக் கடைசியில அண்ணன் காலுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரிக்கணும்னு அக்கா அவரைக் கூட்டிக்கிட்டுக் கோட்டயத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா. அவங்க போன மறுநாள் மழை வெறிபிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. கோட்டயம் போற ரோடு பீர்மேட்டுப் பக்கம் அடைஞ்சு போச்சு. இந்தப் பக்கம் குமுளி இறக்கமும் மண்ணு விழுந்து அடைஞ்சு போச்சு. அரிசி லாரி வரல. அப்பவே அரிசிக்குத் தட்டுப்பாடான காலம், கம்பத்துல இருந்து ஒரு பை அரிசி கொண்டு வந்தாலும் மாநிலம் தாண்டக் கூடாதுன்னு செக்போஸ்ட்டுல பிடுங்கிக்குவாங்க. அதனால எவ வீட்டுலயும் சேர்த்து வச்ச அரிசி கிடையாது. எஸ்டேட் ஸ்டோர்ல சாக்கை உதறி உதறிக் கொடுத்தாங்க, அப்புறம் அதுவும் இல்ல. மரவள்ளிக் கப்பக்கிழங்கு, பலாக்கொட்டை, பால் விடாத கட்டன்சாயா, இதுதான் சாப்பாடு. பெரியவங்க தாங்கிக்கிட்டோம்.

அந்த நேரம் பார்த்து மகளுக்குக் காய்ச்சல் வந்துச்சு, கூடவே வயித்தால போச்சு. டிஸ்பென்சரி கம்பவுண்டரு மருந்து கொடுத்தாரு. காய்ச்சல் இறங்கிடுச்சு, ஆனா பிள்ளை உடம்புல ஒண்ணும் தங்கல. கப்பக்கிழங்கை மசிச்சுக் கொடுத்தா அப்படியே வெளிய வருது. கண்ணு குழிஞ்சு, தோலைக் கிள்ளுனா கிள்ளுன இடம் அப்படியே நிக்குது. கம்பவுண்டரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இனி வேண்டியது மருந்து இல்லம்மா. அரிசிக் கஞ்சி, உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா. அது உள்ள போனாப் பிழைச்சுக்கும். போகலைன்னா நான் ஒண்ணும் செய்யுறதுக்கில்ல"ன்னு சொல்லிட்டாரு.

லயம் லயமா ஓடினேன். எந்த வாசல்லயும் வெக்கப்படல. "ஒரு கை அரிசி, ஒரே ஒரு கை"ன்னு கேட்டேன். அவங்க என்ன செய்வாங்க, இருந்தாத்தானே. ஒருத்தி தன் பானையைக் கவுத்தே காட்டினா, அழுதுகிட்டே. உபதேசியார் வீட்டுக்கும் போனேன். எந்த வாய் வேண்டாம்னு சொல்லுச்சோ அதே வாயால கேட்டேன், சபை அரிசி இருக்கான்னு. அவரு முகம் செத்துப் போச்சு. "இருந்ததைப் போன வாரமே கொடுத்துட்டோமேம்மா"ன்னாரு.

வீட்டுக்கு வந்து மக பக்கத்துல உக்காந்தேன். பகல்தான், ஆனா மேகம் இறங்கி வீட்டுக்குள்ள இருட்டா இருந்துச்சு. அவ அழக்கூட இல்ல. அழுதா நல்லா இருக்குமேன்னு இருந்துச்சு. அப்போதான் ரெண்டு மாசத்துக்குப் பிறகு வாயைத் திறந்தேன். ஜெபம்னு சொல்ல முடியாது, சண்டைதான். "நல்லா இருக்கீரா? பார்த்துக்கிட்டுத்தான் இருக்கீரா? ஒருத்தரைக் கேட்டேன், கொடுக்கல. இப்ப இவளையும் கேக்குறேன். இவளையும் எடுத்துட்டுப் போறதா இருந்தா என்னையும் எடுத்துட்டுப் போயிரும், இந்த லயத்துல ஒத்தையில நின்னு உமக்கு நான் பாட்டுப் பாட மாட்டேன். எனக்கு வேற ஆள் யாரு இருக்கா, உம்மகிட்டதான் வரணும், அதுதான் எனக்கு எரியுது." இதைத்தான் சொன்னேன். சொல்லிட்டு ஏங்கி ஏங்கி உக்காந்திருந்தேன்.

அப்புறம் கண்ணு தன்னால பரணுக்குப் போச்சு. துடைச்சு வச்ச பானைதான். ஆனாலும் எங்கேயாவது விளிம்புல நாலு மணி ஒட்டிக்கிட்டிருக்காதா, அதை இடிச்சுக் காய்ச்சினா ஒரு கரண்டித் தண்ணியாவது வெள்ளையா வராதான்னு ஒரு நப்பாசை. கட்டை மேல ஏறிப் பானையைப் பிடிச்சு இழுத்தேன்.

அது நகரல.

கனம். வெறும் பானை அப்படிக் கனக்காது. தட்டைத் தூக்கிக் கையை உள்ள விட்டேன். முழங்கை வரைக்கும் போகல, அதுக்கு முன்னாலேயே விரல் அரிசியில புதைஞ்சுச்சு. புகை வாசனையோட, காஞ்ச அரிசி. பானை பாதிக்கு மேல நிறைஞ்சிருந்துச்சு.

நான் கட்டையில இருந்து விழுந்தேனா இறங்கினேனா தெரியாது. தரையில முகம் பட விழுந்து கிடந்தேன். ஞாயிறு பள்ளியில கேட்டிருக்கேன், ஒரு விதவை வீட்டுப் பானையில மாவு தீராமலே இருந்ததுன்னு. அது அந்தக் காலத்துல, எங்கேயோ வெயில் நாட்டுல நடந்தது. என் வீட்டுல, இந்தக் கரி பிடிச்ச பரண்ல, அவரோட பேசாம இருந்த என் பானையில! பயம்தான் வந்துச்சு எனக்கு, சந்தோஷம் அப்புறம்தான். அவரு பக்கத்துலயே நிக்கிற மாதிரி, திரும்பிப் பார்த்தா செத்துருவேன்கிற மாதிரி பயம்.

கஞ்சி வச்சேன். முதல் கரண்டியை மக துப்பல. ரெண்டாவதும் துப்பல. சாயங்காலம் அவ "இன்னும்"னா. அந்த ஒரு சொல்லுக்கு முன்னால எந்தப் பிரசங்கமும் நிக்காது.

சேதி லயம் பூரா பரவிடுச்சு. பானையைப் பார்க்க ஆளுக வந்தாங்க, எங்க சபை ஆளுக மட்டும் இல்ல, எல்லாருமே. பச்சப்புள்ளைக்காரி ஒருத்தி கடைசி லயத்துல இருந்தா, அவளுக்கும் கஞ்சிக்கு அரிசி கொடுத்தேன். காய்ச்சல்ல கிடந்த இன்னும் ரெண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். நான் மட்டும் தொடல, கப்பக்கிழங்கோடயே இருந்தேன், அது ஆண்டவரு கைபட்ட அரிசின்னு. உபதேசியாரு நனைஞ்சுகிட்டே வந்து, பானையைப் பார்த்து, என் அடுப்புக்கு முன்னால முட்டி போட்டுட்டாரு. அவரு வெள்ளை வேட்டியெல்லாம் கரி.

மழை ஓஞ்சு, ரோட்டு மண்ணை வாரிப்போட்டு, ஒரு நாள் மத்தியானம் அரிசி லாரி ஏறி வந்துச்சு. லாரிச் சத்தம் கேட்டு லயமே கைதட்டுச்சு. பானையில ஒரு வேளைக் கஞ்சிக்குத்தான் இருந்துச்சு. அதையும் மகளுக்கு வச்சுரலாம்னு பானையைக் கீழ இறக்கி, அடியைக் கையால வழிச்சேன். அரிசியோட என்னமோ துணி மாதிரி தட்டுப்பட்டுச்சு.

வெளிச்சத்துல எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் நனைச்ச ஒரு சின்னத் துணி. அதுல ஒரு காசு முடிஞ்சிருந்துச்சு.

எங்க ஆளுக அப்படி முடிய மாட்டாங்க. அது மாரியம்மனைக் கும்பிடுறவங்க வழக்கம். ஒரு காரியத்துக்காக நேர்ந்துக்கிட்டா, மறக்காம இருக்க மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வைப்பாங்க. என் வீட்டுக்குள்ள தாராளமா வந்து போறவ ஒருத்திதான். கட்டை ஏன் அடுப்புப் பக்கம் கிடந்துச்சுன்னு அப்போதான் விளங்குச்சு. அக்கா குள்ளம். ஏறாம பரண் எட்டாது.

முதல்ல வந்தது கோவம்தான், பொய் சொல்லல. எல்லாம் ஒரு நொடியில புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு மண்ணு ஓரத்துல நின்னு என் ஆண்டவருகிட்ட கேட்டிருக்கா, அண்ணன் உயிரோட வந்தா இன்னது செய்யுறேன்னு. அவளுக்குக் கிடைச்சிருச்சு. அதுக்கு நன்றிக்கடனை என் பானையிலேயே கொண்டுவந்து போட்டிருக்கா. என் புருஷன் வராத வீட்டுல, தன் புருஷன் வந்ததுக்கு! பானை நிறைஞ்சது அதிசயமும் இல்ல ஒண்ணும் இல்ல. என்னை மாதிரி ஏமாந்தவ எவளாவது உண்டான்னு நெஞ்சு கொதிச்சுது.

சாயங்காலம் முதல் பஸ்சுல அக்காவும் அண்ணனும் வந்து இறங்கினாங்க. அண்ணன் கம்பு ஊனிக்கிட்டு நடந்தாரு. அவ மூட்டையைக்கூட இறக்கல, மகளைத் தேடி நேரா என் வீட்டுக்குள்ள வந்தா. நான் மஞ்சத் துணியை அவ முன்னால நீட்டினேன்.

"என்னக்கா இது?"

அவ முகம் வெளுத்துப் போச்சு. அப்படியே நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"உன் புருஷன் வந்ததுக்கு என் வீட்டுலயா நேர்ச்சை செலுத்துவே? ஒரு வார்த்தை சொன்னியா?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் புள்ள உன்கிட்டச் சொல்லுவேன்?" அவ குரல் எழும்பவே இல்ல. "நேர்ந்தாச்சு. தினம் ஒரு பிடி போடுறேன் சாமின்னு நேர்ந்துட்டேன், நீ போடுற மாதிரியே. உங்க கோயிலுக்குள்ள வர எனக்குப் பயம். உங்க சாமிக்குன்னு எனக்குத் தெரிஞ்ச இடம் இந்தப் பானை ஒண்ணுதான். நீ நிறுத்திட்டே, எனக்குத் தெரியும். ஆனா நான் எப்படி நிறுத்துறது?"

"உனக்கு வந்துட்டாரு, நீ போட்டே. அவ்வளவுதானே."

"இல்ல புள்ள." அவ கீழ உக்காந்துட்டா. "நான் ஒருத்தருக்குக் கேக்கல. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்டேன். ரெண்டு பேரையும் கொடு சாமி, ஆயுசுக்கும் தினம் ஒரு பிடி போடுறேன்னு கேட்டேன். வந்தது ஒருத்தருதான்."

அப்புறம் அவ என்னைப் பார்த்தா.

"கேட்டது ரெண்டு, வந்தது ஒண்ணு. அதுக்காக சாமிக்குப் பாதிப் பிடியா போட முடியும்?"

அடக்கத்தன்னைக்குக்கூட நான் அழல, எல்லாரும் கல்லுன்னு சொன்னாங்க. அக்கா அதைச் சொன்ன அன்னைக்குத்தான் அழுதேன். அவ மடியில விழுந்து, அவுகளை நெனைச்சு, அந்த முறம் மாதிரிக் கையை நெனைச்சு, மூச்சு முட்ட அழுதேன். மழையில கண்ணை மூடிக்கிட்டு நின்ன இவ, எங்க ஆண்டவருக்குத் தன்னைத் தெரியுமான்னு கேட்டவ, என் புருஷனுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கா. நான் எங்க வீட்டுக்காரரை மட்டும்தானே கேட்டேன். அதுதான் என்னைக் கலங்க அடிச்சுது. நான் ஆண்டவருக்குக் கதவைச் சாத்தின பிறகு, அவரு இவ கையைப் பிடிச்சுக்கிட்டு, என் கொண்டியைத் திறந்து, என் கட்டை மேல ஏறி, தினம் தினம் உள்ள வந்திருக்காரு. இதை விடப் பெரிய அதிசயம் வேற என்ன வேணும்னு எனக்குத் தோணுச்சு. இப்பவும் அப்படித்தான் தோணுது.

எங்க சபை ஆளுக இன்னைக்கும் அந்தக் கதையைச் சொல்லுவாங்க, விதவை வீட்டுப் பானையை ஆண்டவரு நிறைச்ச கதை. நான் திருத்துறதில்ல. அதுல திருத்த என்ன இருக்கு?

அன்னைக்குச் சாயங்காலம் ஸ்டோர்ல இருந்து அரிசி வந்துச்சு. மக சுவர்ல சாய்ஞ்சு உக்காந்து, பெரியம்மா வாங்கிட்டு வந்த ரொட்டியைக் கடிச்சுக்கிட்டிருந்தா. பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு மூட்டுற சத்தம் கேட்டுச்சு. நான் சோத்துக்கு அரிசி அளந்தேன். கை பழக்கத்துல உள்ள போச்சு. இந்தத் தடவை இழுத்துக்கல.

"உம்மோட எனக்கு வழக்கு இன்னும் தீரல"ன்னு சொன்னேன், சத்தமாவே. "அவுகளை ஏன் எடுத்தீருன்னு நான் நேர்ல வந்து கேப்பேன், பதில் வச்சிக்கிடும்."

பானைக்கு நேரா கையை நீட்டப்போனேன். நானும் ரெண்டு பேரைத்தான் கேட்டிருந்தேன், முதல்ல அவுகளை, அப்புறம் மகளை. ஒருத்தி சுவர்ல சாய்ஞ்சு ரொட்டி தின்னுக்கிட்டிருந்தா. இன்னொரு கையையும் அரிசிக்குள்ள விட்டு, ரெண்டு கையும் சேர்த்து, அவுக கை அளவுக்கு அள்ளி, முழுப் பிடியாப் போட்டேன்.